அன்னமேரியும் சயாம் ரயிலும்

அன்னமேரி அக்கா பக்கத்துல உட்கார்ந்து யுத்தப் படம் பார்க்கறதுக்குப் பெரிய பொறுமை வேணும். எனக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாது, எங்க வீட்டுக்காரரைக் கேட்டா கதை கதையா சொல்வாரு. இருந்தும் கொரோனா வந்த வருசத்துல இருந்து ஞாயித்துக்கிழமையானா அவங்க வீட்டு டிவி முன்னாடி போய் உட்கார்ந்துடறேன். ஒரு காரணம், அக்கா வைக்கற கோழிக் குழம்பு. இன்னொரு காரணம் அக்காதான். அவங்களைப் பத்திச் சொல்லத்தான் இதை ஆரம்பிச்சேன்.

என் பேரு மேகலா. ஊரு பேரிகை. வீட்டுல தெலுங்கு, சந்தையில தமிழு, பெங்களூரு பஸ் ஏறினா கன்னடம். அக்காவும் நானும் ஓசூர் சிப்காட்டுல வண்டி பிரேக்குக்கு பார்ட்ஸ் செய்யற ஒரு கம்பெனியில ஒரே ஷிஃப்ட்டு. நான் லைன்ல நிக்கறவ. அவங்க லைன் முடியற இடத்துல, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில. நாங்க செஞ்சு அனுப்பறதைக் கையில எடுத்து, கட்டைவிரலால ஒரு தடவு தடவி, அளவு பார்க்கற கேஜ்ல போட்டுப் பார்த்து, நல்லதுன்னா பச்சை டிரே, கெட்டதுன்னா சிவப்புப் பெட்டி, சந்தேகம்னா மஞ்சள் டிரே. அந்த மஞ்சள் டிரேதான் எங்க சூப்பர்வைசருக்கு எமன். மாசக் கடைசியில லாரி வாசல்ல வந்து நிக்கும். மனுசன் கையைப் பிசைஞ்சுட்டு வந்து, "அக்கா, சந்தேகம்தானே, கெட்டதுன்னு இல்லியே, விட்டுடுங்க"ம்பாரு. "நல்லதுன்னும் இல்லியே சார்"ம்பாங்க அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாம. என் கை பட்ட பீஸை அவங்க ஒதுக்கும்போது எனக்கு வர்ற எரிச்சல் இருக்கே, அப்பப்பா. எத்தனையோ தடவை கத்திப் பார்த்திருக்கேன். கல்லுகிட்டப் போய் கத்தின மாதிரிதான்.

யுத்தப் படப் பைத்தியம் அவங்களுக்கு அப்பாகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது. அப்பா பேரு அருள்ஜோசப், எண்பத்தாறு வயசு, மக வீட்டுலதான் இருக்காரு. ரயில்வேல கேங்மேனா வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு. கேங்கு ஆளுங்களோட சேர்ந்து தண்டவாளம் தூக்கறது, அதுக்கு அடியில கட்டை மாத்தறது, ஜல்லியைக் குத்தி இறுக்கறது, வெயில்லயும் மழையிலயும் லைனோட நடந்துட்டே இருக்கறதுன்னு காலமெல்லாம் ஓட்டினவரு. ரயில்வே பாஸ் இருந்ததால வாலிப வயசுல லீவு கிடைச்சா பெங்களூருக்கு ஏறிடுவாராம், கன்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டர்ல இங்கிலீஷ் யுத்தப் படம் பார்க்க. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை புரியாது. "எதுக்கும்மா புரியணும்? குண்டு விழுந்தா எந்தப் பாஷைக்காரனும் ஒரே மாதிரிதானே ஓடறான்"னு சிரிப்பாரு. எந்தச் சிப்பாய் சாகப் போறான்னு ஆரம்பத்துலயே சொல்லிடுவாரு. பாக்கெட்டுல இருந்து பொண்டாட்டி போட்டோவை எடுத்துப் பார்க்கறவன் போனான்னு வெச்சுக்கோங்க.

அப்பா கதை பார்ப்பாரு, மக குத்தம் பார்ப்பாங்க. "மாசக்கணக்கா பள்ளத்துல கெடந்தவன் சட்டைக் காலர்ல அழுக்கைக் காணோமே"ம்பாங்க. "ஆத்துல நீஞ்சி வந்தவனுக்குத் தலை எப்பிடி வாரி இருக்குது?"ம்பாங்க. "அம்மா தாயே, வாயை மூடிட்டுப் பாரேன்"னு பெரியவர் கையெடுத்துக் கும்பிடுவாரு. படம் முடிஞ்சா அதோட விடவும் மாட்டாங்க. போனைத் தூக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க, நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு பார்க்க. படிச்சது பிளஸ் டூ. இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தேடித் தேடியே படிப்பாங்க. யாரோ வீடியோல சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, மூணு நாலு இடத்துல அதே விசயம் இருந்தாத்தான் வாயைத் திறப்பாங்க. பிரான்சு கடற்கரையில பட்டாளம் தப்பிச்சு ஓடற படம் ஒண்ணு பார்த்தோம். அந்தக் கடற்கரையில நம்ம இந்தியாவுல இருந்து கோவேறு கழுதை ஓட்டிட்டுப் போன ஆளுங்களும் இருந்தாங்கன்னு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாலைவனத்துல டாங்கி மோதற படத்துல ஒரு தலைப்பாகையைக் காணோம், நிஜத்துல அங்க நம்மாளுங்க பட்டாளம் பட்டாளமா நின்னு சண்டை போட்டாங்களாம். "படம் பொய் சொல்லலை மேகலா, பாதியைச் சொல்லாம விட்டுட்டான்"ம்பாங்க.

இப்பிடி நாடு நாடா எல்லா யுத்தத்தையும் பேசற அந்த வீட்டுல ஒரே ஒரு பேரை மட்டும் எடுக்கக் கூடாது. சவரியப்பன். பெரியவரோட அப்பா.

கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் எலத்தகிரிதான் அவங்களுக்கு ஊரு. பொண்டாட்டி வயித்துல புள்ளைய வெச்சுட்டு, ஆள் சேர்க்க வந்த கங்காணி பேச்சைக் கேட்டுக்கிட்டு மலேயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவரு சவரியப்பன். கொஞ்ச வருசம் பணம் வந்துச்சு. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடிச்சதும் எல்லாம் நின்னு போச்சு. யுத்தம் முடிஞ்சு ஊர் திரும்பின ஒருத்தரு, "சவரியப்பன் எஸ்டேட்டுல இல்ல, சயாமுக்குப் போயிட்டான்"னு சொன்னாராம். சயாம்னா இப்போ தாய்லாந்து. அவரு சொன்னது அவ்வளவுதான். ஊரு சும்மா இருக்குமா? அங்க ஒருத்தியச் சேர்த்துக்கிட்டான்னு ஒருத்தர், ரெண்டு புள்ளைங்க பொறந்துடுச்சாம்னு இன்னொருத்தர், கடை வெச்சுச் செழிப்பா இருக்கானாம்னு நேர்ல பார்த்த மாதிரி வேற ஒருத்தர். ஊர்ல இருந்த பொண்டாட்டி சாகற வரைக்கும் தாலியையும் கழட்டல, தலை நிமிர்ந்தும் நடக்கல. பெரியவர் வளர்ந்தது பூரா ஓடிப்போனவன் மகன்ங்கற பேர்லதான்.

நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள் அன்னைக்கு வருசா வருசம் எலத்தகிரிக்குப் போவாங்க. கல்லறையைக் கழுவி, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துவாங்க, சர்ச்சு சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுட்டுப் போவாரு. பெரியவர் அம்மாவுக்கு ஏத்துவாரு, சம்சாரத்துக்கு ஏத்துவாரு, பக்கத்துல யாரும் வராத கல்லறைக்குக்கூட ஒண்ணு ஏத்திட்டு வருவாரு. அப்பனுக்கு மட்டும் கிடையாது. "அவனுக்கா? அவன் சயாம்ல சொகமா வாழ்ந்து செத்திருப்பான். அந்தப் புள்ளைங்க ஏத்தும்"ம்பாரு. அப்போ அவர் மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருக்கும்.

போன கோடையில அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கிச்சு. பிழைச்சு எழுந்துட்டாரு, ஆனா கோலில்லாம நடக்க முடியாது, இடது கை சும்மாதான் தொங்கும். அக்கா வீட்டுக்காரர் விமல்ராஜ் லாரிக்காரரு, மாசத்துல பாதி வடக்கதான் இருப்பாரு. அக்கா ஒத்தை ஆளா அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு போட்டு வெச்சு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி வருவாங்க. ஒரு நாள் பஸ்ல என் கையைப் பிடிச்சுட்டு சொன்னாங்க. "எங்கப்பா இந்த வெறுப்போட கண்ணை மூடிடக் கூடாது மேகலா. மத்ததெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கட்டும். இது ஒண்ணுதான் எனக்குப் பயம்." அவ்வளவு லேசுல மனசைத் திறக்கற ஆளில்ல அவங்க.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஜப்பான்காரன் வெள்ளைக்காரக் கைதிங்களை வெச்சுக் காட்டுக்குள்ள ரயில் பாதை போடற படம் ஓடுது. பெரியவர் வாலிப வயசுல பெங்களூர்ல பல தடவை பார்த்த படமாம். "அங்க பாரு, தண்டவாளத்தை ரெண்டே பேரு தூக்கிட்டுப் போறானுங்க. முருங்கைக்காயா அது?"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. அக்கா பட்டுனு படத்தை நிறுத்தினாங்க.

"அப்பா, நானூறு கிலோமீட்டர்னு சொல்றான். காட்டை வெட்டி, மலையை உடைச்சு, ஆத்து மேல பாலம் கட்டி, ஒண்ணரை வருசத்துக்குள்ள. இதுல தெரியற ஆளுங்களை வெச்சு முடியுமா?"

எங்க கம்பெனியில யாருக்கும் வர்ற கேள்விதாங்க அது. ஒரு ஷிஃப்ட்டுக்கு இவ்வளவு டார்கெட்டுன்னா லைன்ல எத்தனை பேரு நிக்கணும்னு தினம் காலையில அதுதானே சண்டை. எனக்கு அது கேக்கத் தோணல, அவங்களுக்குத் தோணிச்சு.

பெரியவர் மூக்கைச் சுளிச்சாரு. "இவனுங்களை வெச்சா? கிழிஞ்சது போ. இது மாதிரி பல மடங்கு ஆளு வேணும்மா."

"அப்ப மத்த ஆளுங்க எங்கப்பா?"

"படக்காரனைக் கேளு, என்னைக் கேட்டா?"ன்னுட்டு அவரு சோத்துல கை வெச்சுட்டாரு.

அடுத்த வாரம் பூரா அக்கா போனும் கையுமாவே இருந்தாங்க. ஒரு நாள் கேன்டீன்ல தட்டைத் தள்ளி வெச்சுட்டு என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. அந்தப் பாதை நிஜமாவே போட்ட பாதை, சயாம்ல இருந்து பர்மாவுக்கு. மரண ரயில்பாதைன்னே அதுக்குப் பேரு. வெள்ளைக்காரக் கைதிங்க கஷ்டப்பட்டதும் நிஜம், செத்ததும் நிஜம். ஆனா அவங்களை விடப் பல மடங்கு வேலை செஞ்சது ஆசியாக் கூலிங்க. மலேயா எஸ்டேட்டுங்கள்ல இருந்து நம்ம தமிழாளுங்களை கும்பல் கும்பலா கொண்டு போயிருக்காங்க. கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம்னு ஆசை காட்டி முதல்ல. அப்புறம் வீதியில, எஸ்டேட்டுல கெடைச்சவனை லாரியில ஏத்தி. காலரா, காய்ச்சல், பசி, அடி. ஆயிரக்கணக்குல அந்தக் காட்டுலயே செத்தாங்க. தப்பிச்சு வந்த ஒரு மலேசியாப் பெரியவர் தமிழ்லயே பேசற வீடியோ ஒண்ணு கெடைச்சிருக்குது. "எங்களை சயாமுக்குக் கொண்டு போனாங்க"ன்னு அவரு ஆரம்பிச்சதும் அக்கா வீடியோவை நிறுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து போட்டுக் கேட்டாங்களாம்.

நான் எழுந்தே நின்னுட்டேன். "அக்கா! அப்ப உங்க தாத்தா ஓடிப் போகல!"

"உட்காரு. சயாமுக்குப் போனாருங்கறது ஊருக்கு வந்த சேதி. எதுக்குப் போனாரு, என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியாது."

"பேரு எங்கியாவது இருக்கும்ல?"

"வெள்ளைக்காரங்களுக்கு அங்க வரிசை வரிசையா கல்லறை இருக்குது, கல்லுல பேரோட. நம்மாளுங்க பேரை யாரு எழுதி வெச்சா? காட்டுல குழி வெட்டி மொத்தமாப் போட்டு மூடினாங்க."

"அப்ப பேரு இருந்துச்சுன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. யாரு வந்து கேட்கப் போறா? அந்த மனுசன் நிம்மதியா இருப்பாரு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. "பார்க்காத பீஸுக்கு ஓகே போடச் சொல்றியா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "உங்கப்பா என்ன பீஸா? எண்பத்தாறு வயசு மனுசன்! உங்க மஞ்சள் டிரேயைத் தூக்கி அவர் தலையில வைக்காதீங்க!" கேன்டீன்ல அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் பஸ்ல நான் வேற சீட்டுல போய் உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நாள் பேச்சே இல்ல. கோவம் ஒரு பக்கம், ஞாயித்துக்கிழமை அக்கா அப்பாகிட்ட இதைச் சொன்னா என்ன ஆகுமோங்கற பதைப்பு ஒரு பக்கம். கடைசியில அந்த ஞாயித்துக்கிழமை வெட்கத்தை விட்டுட்டு நானே அவங்க வீட்டுல போய் நின்னேன்.

அக்கா படம் போடல. அப்பா கட்டில்கிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த மலேசியாப் பெரியவர் பேசினதைப் போட்டுக் காட்டினாங்க. அப்புறம் தெரிஞ்சதை எல்லாம் சொன்னாங்க. ஒண்ணைக் கூட்டல, ஒண்ணைக் குறைக்கல. பெரியவர் கேட்டுட்டே இருந்தாரு. சயாம்ங்கற வார்த்தை வந்ததும் வலது கை கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிச்சு.

"எங்கப்பன் பேரு இருக்குதா?"

"இல்லப்பா. யாரு பேரும் அநேகமா இல்ல."

"அப்ப நெசமாவே ஓடியும் போயிருக்கலாம்."

"இருக்கலாம்ப்பா."

நான் பின்னாடி இருந்து அக்கா முதுகுல நறுக்குனு கிள்ளினேன். அவங்க அசையல. பெரியவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. சோறும் வேணாம்னுட்டாரு.

அடுப்படிக்குள்ள போய் அக்காவைப் பிடிச்சு உலுக்கினேன். "கொன்னுட்டீங்களே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" அக்கா அழுது நான் பார்த்ததே இல்ல, அன்னைக்கு முந்தானையை வாயில வெச்சு அடக்கிட்டு அழுதாங்க. "நான் சொன்னா நம்பிடுவாரு மேகலா. நான் சொன்ன எதையும் அவரு திருப்பிக் கேட்டதே இல்ல. அதனாலதான் சொல்ல முடியல." குழம்பை இறக்கி வெச்சுட்டு அவங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் பெரியவர் யுத்தப் படம் கேட்கவே இல்ல. அந்த மலேசியாப் பெரியவர் பேச்சை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாரு. திடீர்னு ஏதாவது கேட்பாரு. "அந்தக் காட்டுல மழை எப்பிடிம்மா?" மாசக்கணக்குல விடாம பெய்யும்பாங்க அக்கா. "ஈர மண்ணுல கட்டை உட்காராதே. இன்னைக்குக் குத்தி இறுக்கினா நாளைக்கே இறங்கிடுமே. அடிச்சு வேலை வாங்கியிருப்பானுங்க"ன்னு தனக்குத்தானே பேசிக்குவாரு. இன்னொரு நாள், "செருப்பு குடுத்தானுங்களா?"ன்னாரு. இல்லப்பான்னாங்க. அவரு ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துட்டிருந்தாரு. ஆனா சவரியப்பன்ங்கற பேரை மட்டும் அவரும் எடுக்கல, அக்காவும் எடுக்கல.

நவம்பர் வந்துச்சு. இந்த உடம்போட எலத்தகிரிக்கு வேணாம்னு அக்கா சொல்லிப் பார்த்தாங்க, பெரியவர் கேட்கல. எங்க வீட்டுக்காரர் தக்காளி ஏத்தற மினி வேன்ல அவரை முன்னாடி உட்கார வெச்சு, நானும் அக்காவும் பின்னாடி சாமந்திப் பூக்கூடையோட ஏறிக்கிட்டோம். சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டற வரைக்கும் அக்கா ஜெபமாலையை உருட்டிட்டே வந்தாங்க.

கல்லறைத் தோட்டம் பூரா ஜனங்க, பூ வாசம், மெழுகு வாசம். பெரியவர் அம்மா கல்லறையில ஏத்தினாரு, சம்சாரம் கல்லறையில ஏத்தினாரு. அக்கா கிளம்பலாமான்னு பார்த்தாங்க. "பெரிய சிலுவைகிட்டக் கூட்டிட்டுப் போ"ன்னாரு. நடுவுல நிக்கற சிலுவை அது. எங்கியோ செத்துப் போய் இங்க கல்லறை இல்லாதவங்களுக்கு அதுக்கு அடியிலதான் ஏத்துவாங்களாம்.

மெழுகுவத்தியை எடுத்து மக கையில குடுத்தாரு. "நீ புடி. ஒரு கையால நான் பத்த வைக்கறேன்." தீப்பெட்டியை நான் பிடிச்சேன், அவரு உரசினாரு. குச்சி எரியுது. அந்த நேரத்துல போய் இந்த அக்கா, "அப்பா, எனக்கு இன்னும் உறுதியாத் தெரியாதுப்பா"ங்கறாங்க! அய்யோ, அப்பிடியே ஓங்கி ஒண்ணு வைக்கலாமான்னு வந்துச்சு எனக்கு.

பெரியவர் நிதானமா திரியைப் பத்த வெச்சாரு. "தெரியும்மா. நீதான் சொல்லிட்டியே. அங்க செத்திருந்தா இது எங்கப்பாவுக்கு. ஓடிப் போயிருந்தா, அந்தச் சேத்துல செத்துக் கெடந்த வேற எவனோ ஒருத்தனுக்கு. அவனுக்கும் ஊருல ஒரு புள்ள இருந்திருக்கும்ல? என்னை மாதிரியே காலம் பூரா திட்டிட்டு."

அக்கா அப்பா தோள்ல முகத்தை வெச்சுக்கிட்டாங்க. நான் சொல்லச் சொன்ன பொய்யால இந்த வார்த்தையை அவர் வாயில இருந்து வரவழைச்சிருக்க முடியாதுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இப்பிடி ஒரு பொம்பளையை நான் வேற எங்கயும் பார்த்ததில்லீங்க.

"இன்னும் எத்தனை இருக்குது பையில?"ன்னாரு பெரியவர்.

"ஒரு பாக்கெட் இருக்குதுப்பா."

"பிரி. எல்லாத்தையும் ஏத்து. மேகலா, நீயும் ஏத்தும்மா."

நெத்தியில குங்குமத்தோட நானும் மண்டி போட்டேன். காத்து அணைக்க அணைக்க மறுபடி ஏத்தினோம். சிலுவைக்கு அடியில இடம் பத்தாம படியெல்லாம் வெளிச்சமாச்சு. பக்கத்துல ஏத்திட்டிருந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க அதிசயமாத் திரும்பிப் பார்த்தாங்க. "என்னா ஜோசப்பண்ணே, இத்தனை ஏத்தறீங்க? யாருக்கு?"

பெரியவர் கோலை ஊன்றி நிமிர்ந்தாரு.

"அதோ அது எங்கப்பா சவரியப்பனுக்கு. மத்ததெல்லாம் அவரு கேங்கு ஆளுங்களுக்கு."